ஷவரில் நூலாக வரும் தண்ணீர்: பம்ப் வாங்குமுன், வாங்கியபின்

மயிலாடுதுறையில் பைப் கடை வைத்திருக்கிறேன். "அண்ணே, ஒரு பூஸ்டர் பம்ப் குடுங்க" என்று வருகிறவர்களிடம் முதலில் ஒரு கேள்வி கேட்பேன்: "மாடிக்கு ஏறி டேங்கைப் பார்த்தீங்களா?" பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்களில் பலர் பம்ப் வாங்காமல் ஒரு வால்வோடு திரும்பியிருக்கிறார்கள். எனக்கு வியாபாரம் குறைவுதான். ஆனால் தேவையில்லாத வீட்டில் பம்பை மாட்டிவிட்டு, பத்து நாள் கழித்து "இப்பவும் அதே மாதிரிதான் வருது" என்று அவர் வந்து நிற்பதைவிட இது மேல்.

நம் ஊர் வாய்க்காலில் கஷ்டப்படுவது எப்போதும் கடைமடை. மதகை ஒட்டிய வயல் நிறைந்து வழியும், கோடியில் இருப்பவர் முறைக்குக் காத்திருப்பார். வீட்டுக் குழாயில் கதை தலைகீழ். டேங்குக்கு நேர் கீழே இருக்கும் மாடி பாத்ரூமுக்குத்தான் வேகம் குறைவு. டேங்கிலிருந்து எட்டத்தில் இருக்கும் கொல்லைக் குழாய் பீறிட்டு அடிக்கும். எல்லாம் உயரத்தின் வேலை. தண்ணீர் 10 மீட்டர் உயரத்தில் நின்றால்தான் ஏறக்குறைய 1 கிலோ அழுத்தம் (ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ) கிடைக்கும். 1 மீட்டர் என்றால் வெறும் 100 கிராம். டேங்க் 500 லிட்டரா 2000 லிட்டரா என்பது இந்தக் கணக்கில் வராது.

சரி, ஒரு வாளியும் கடிகாரமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஷவருக்குக் கீழே 10 லிட்டர் வாளியை வைத்து முழுதாகத் திறந்து, நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். ஒன்றரை நிமிடத்துக்குள் நிரம்பினால் சாதாரண ஷவருக்கு அந்த அளவே போதும். அப்புறம் ஷவர் தலையைக் கழற்றிவிட்டு, வெறும் குழாயில் அதே வாளியை மறுபடி பிடியுங்கள். இரண்டு நேரத்தையும் குறித்து வையுங்கள். இனி வருவதெல்லாம் இந்த இரண்டு எண்களை வைத்துத்தான்.

"கீழ்க் குழாயில் நல்லா வருது, ஷவரில் மட்டும் இல்லை"

தலையைக் கழற்றியதும் தண்ணீர் கொட்டுகிறது என்றால் குற்றவாளி கையிலேயே இருக்கிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்பான போர்வெல் தண்ணீரும், உள்ளே வந்தால் பல ஊர்களில் இரும்புக் காவித் தண்ணீரும் ஷவர் ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்துவிடும். ரப்பர் முனை வைத்த ஷவர் என்றால் கட்டை விரலால் தேய்த்தாலே வெள்ளைப் பொருக்கு உதிரும். உலோகத் தலை என்றால் வினிகரிலோ கெட்டியான புளிக்கரைசலிலோ ராத்திரி ஊற வைத்து, காலையில் பழைய பல் துலக்கும் பிரஷால் தேயுங்கள். பாத்ரூம் கழுவும் ஆசிட் மட்டும் வேண்டாம். அடைப்பு போகும், கூடவே முலாமும் போகும்.

தலைக்குள் ஒரு சின்னப் பிளாஸ்டிக் வில்லை இருந்தால் அதையும் பாருங்கள். பிரஷர் அதிகமுள்ள வீடுகளில் தண்ணீரைக் குறைப்பதற்காக வைப்பது அது. மாடி டேங்கை மட்டும் நம்பியிருக்கும் வீட்டில் அது எதற்கு? எடுத்துவிடலாம்.

தலையைக் கழற்றியும் மெலிந்தே வருகிறது, அதே பாத்ரூமின் கீழ்க் குழாயில் மட்டும் நன்றாக வருகிறது என்றால் தண்ணீரைக் கீழ்க் குழாய்க்கோ ஷவருக்கோ திருப்பிவிடும் டைவர்ட்டரைக் கழற்றிக் கழுவுங்கள். பாத்ரூம் முழுதும் மெலிவு, பக்கத்து பாத்ரூம் சரி என்றால், அந்தப் பாத்ரூமுக்கு இறங்கும் லைனின் வால்வைப் பாருங்கள்.

"திறந்ததும் ஒரு சொம்பு வேகமா வருது, அப்புறம் மெலிஞ்சிடுது"

எனக்குப் பிடித்த அறிகுறி இது, ஏனென்றால் மாடி ஏறாமலே காரணத்தைச் சொல்லிவிடலாம். டேங்கிலிருந்து இறங்கும் பைப்பில் மேல்நோக்கி ஒரு ஏர் பைப் நிற்கும் இல்லையா? குழாய் மூடியிருக்கும்போது அதற்குள்ளும் டேங்க் மட்டம் வரை தண்ணீர் ஏறி நிற்கும். திறந்ததும் அந்தத் தண்ணீர்தான் முதலில் வேகமாக இறங்குகிறது. அது தீர்ந்தபின் வருவது டேங்கிலிருந்து வருவது. அது மெலிகிறது என்றால், டேங்குக்கும் ஏர் பைப்புக்கும் நடுவில் அடைப்பு.

அந்த இடத்தில் இருப்பது பெரும்பாலும் ஒரு கேட் வால்வு. பித்தளைக் கேட் வால்வு பழசானால் கைப்பிடி நன்றாகச் சுற்றும், உள்ளே தகடு மட்டும் தண்டிலிருந்து கழன்று பாதி வழியில் உட்கார்ந்திருக்கும். வெளியே பார்த்தால் திறந்திருக்கிறது என்றே தோன்றும். மாற்றும்போது முழு வாய் பால் வால்வு (உள்ளே தகடுக்குப் பதில் ஓட்டை போட்ட உருண்டை இருக்கும் வால்வு) போட்டுவிடுங்கள். வால்வு சரியாக இருந்தால் டேங்க் வாயில் சேறு. ஆற்றில் புதுத்தண்ணீர் வந்தபின் சில போர்வெல்களில் கலங்கலாக வரும். அந்த வண்டலும் காவியும் சேர்ந்து டேங்க் அடியில் களியாகப் படியும். இந்த வீட்டில் பம்ப் மாட்டினால் என்ன ஆகும்? இழுக்கத் தண்ணீர் இல்லாமல், உள்ளே சரளைக் கல்லைப் போட்டு ஆட்டுவதுபோல் கடகடக்கும். சீக்கிரமே சீல் போகும்.

பழைய ஓட்டு வீடுகளை இடிக்காமல் பாத்ரூம் மட்டும் புதுசாகக் கட்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. உள்ளே ஜி.ஐ. பைப் (பழைய இரும்பு பைப்) இருந்தால் அதன் ஒரு துண்டை அறுத்துப் பாருங்கள். முக்கால் இன்ச் பைப்புக்குள் துரு ஏறி, பென்சில்கூட நுழையாத அளவுக்கு வாய் குறுகியிருக்கும். அதற்கு மருந்து பைப்பை மாற்றுவது மட்டும்தான்.

"டேங்க் கழுவின நாள்லேருந்து வரவே மாட்டேங்குது"

ஏர் லாக். டேங்க் காலியானபோது லைனில் காற்று புகுந்து, ஏதோ ஒரு மேடான வளைவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அந்த லைனின் எல்லாக் குழாயையும் திறந்து வையுங்கள். நகரவில்லை என்றால், நன்றாக வரும் வேறொரு லைன் குழாயிலிருந்து ஒரு ஹோஸை இந்தக் குழாயில் சேர்த்து, இரண்டையும் திறந்து தண்ணீரைத் தலைகீழாக மேலே தள்ளுங்கள். டேங்கில் குமிழி கொப்பளிக்கும், வேலை முடிந்தது. ஒவ்வொரு முறை டேங்க் கழுவும்போதும் இதே கதை என்றால் உங்கள் லைனில் ஏர் பைப் இல்லை. வால்வுக்கு அடுத்து ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு, டேங்க் மூடிக்கு மேலே வரை பைப்பை ஏற்றி, வாயைக் கீழ்நோக்கி வளைத்து விடுங்கள், பல்லி விழாமல் இருக்கும்.

"கீழே நல்லா வருது, மாடியில்தான் இல்லை"

மேலே சொன்ன எதுவும் இல்லை, வீடு கட்டிய நாளிலிருந்தே இப்படித்தான் என்றால் மட்டும் பம்ப் பேச்சுக்கு வருவோம்.

ஒரு சாதாரண மாடி வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தளத்தின் உயரம் 10 அடி, அதன் மேல் 4 அடி மேடையில் டேங்க். மாடி பாத்ரூமில் ஷவர் தரையிலிருந்து 7 அடியில். ஆக டேங்க் அடிக்கும் ஷவருக்கும் இடையே 7 அடி, அதாவது 2.1 மீட்டர். அழுத்தம் 200 கிராம் சொச்சம். கீழ்த்தளத்து ஷவருக்கு இன்னும் 10 அடி கூடுவதால் அரைக் கிலோ. சின்னத் தலை வைத்த ஷவர் அரைக் கிலோவில் ஓரளவு நன்றாகவே பெய்யும். 200 கிராமில் சொட்டும்.

கல்யாணத்துக்குப் போன ஊரில் லாட்ஜில் குளித்துவிட்டு வந்து, 8 இன்ச் ரெயின் ஷவர் கேட்பவர்கள் உண்டு. அதற்கு நிமிடத்துக்கு 12 லிட்டருக்கு மேல் வேண்டும், பின்னால் ஒரு கிலோ தள்ளுதலும் வேண்டும். மாடி டேங்கை மட்டும் நம்பி அதை மாட்டினால் நடுவில் நாலு ஓட்டையில் மட்டும் ஒழுகும். பம்புக்கு மனமில்லை என்றால் 3 இன்ச் தலைக்கு மாறுங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

"டேங்கை இன்னும் உயரத்தில் வைக்கலாமா?" என்பது அடுத்த கேள்வி. மேடையை ஒரு மீட்டர் உயர்த்தினால் கிடைப்பது 100 கிராம். 1000 லிட்டர் டேங்க் நிறைந்தால் ஒரு டன் எடை, அதைத் தாங்கத் தூண் வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறிய ராத்திரியை மறந்தவர்கள்தான் டெல்டாவில் இரும்புச் சட்டத்தின் மேல் டேங்கை ஏற்றிவைப்பார்கள். அழுத்தத்துக்காக உயரத்தை நம்ப வேண்டாம்.

எந்த பம்ப்?

ஒரே ஒரு பாத்ரூமுக்குத்தான் குறை என்றால், அந்த லைனில் பொருத்தும் சின்ன இன்லைன் பம்ப் போதும். 100 முதல் 150 வாட் வரை இழுக்கும், 8 முதல் 10 மீட்டர் வரை ஹெட் (தண்ணீரைத் தள்ளும் உயரம்) தரும். உள்ளே ஃப்ளோ ஸ்விட்ச் இருக்கும். குழாயைத் திறந்து தண்ணீர் தானாக ஓட ஆரம்பித்தால்தான் அது விழிக்கும். அதனால் டேங்க் மட்டத்துக்குச் சமமாகவே ஷவர் இருக்கும் மொட்டை மாடி பாத்ரூமில் இது வேலை செய்யாது, தண்ணீர் ஓடவே ஓடாதே. அங்கே அழுத்தம் குறைந்தாலே மோட்டாரை ஓட்டிவிடும் பிரஷர் ஸ்விட்ச் வைத்ததுதான் வேண்டும்.

வீடு முழுதுக்கும் என்றால் அரை எச்.பி. மோட்டார், அதோடு 24 லிட்டர் பிரஷர் டேங்கும் பிரஷர் ஸ்விட்சும் சேர்ந்த செட். சாதாரணமாக 1.4 கிலோவில் மோட்டார் ஓட ஆரம்பித்து 2.8 கிலோவில் நிற்கும்படி வைத்திருப்பார்கள். அரை எச்.பி. என்றால் 370 வாட். நஷ்டங்களையும் சேர்த்து மணிக்கு அரை யூனிட் என்று வைத்து, தினம் அரை மணி நேரம் ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு 15 யூனிட்தான். கரண்ட் பில்லுக்குப் பயந்து சின்னதாக வாங்க வேண்டாம். பெரிதாக வாங்குவதற்குத்தான் பயப்பட வேண்டும், அதைக் கீழே சொல்கிறேன்.

பம்பின் தகட்டைப் படிப்பது ஒரு கலை. "ஹெட் 6/24 மீட்டர், 2400/600 எல்.பி.எச்." என்று போட்டிருந்தால், 24 மீட்டர் ஹெட்டில் மணிக்கு 2400 லிட்டர் வரும் என்று அர்த்தமில்லை. 6 மீட்டர் தள்ளும்போது 2400, 24 மீட்டர் தள்ளும்போது 600. ஒன்று கூடினால் மற்றது குறையும். உங்கள் கணக்கு நடுவில் விழ வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு ஷவர் ஓடும், ஒவ்வொன்றுக்கும் நிமிடத்துக்கு 10 லிட்டர், கூட ஒரு குழாய்க்கு 5 என்றால் நிமிடத்துக்கு 25 லிட்டர். 60-ஆல் பெருக்கினால் மணிக்கு 1500. ஷவரில் ஒரு கிலோ வேண்டும், பைப் வளைவுகளில் கொஞ்சம் போகும். ஆகவே 15 மீட்டர் ஹெட்டில் 1500 லிட்டர் தரும் பம்பைக் கேளுங்கள். கடைக்காரர் "அரை எச்.பி. போதும் சார்" என்று மட்டும் சொன்னால் அட்டைப்பெட்டியில் இருக்கும் அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள். ஒரே அரை எச்.பி.யில் தண்ணீரை அள்ளிக் கொட்டும் பம்பும் உண்டு, உயரத்துக்குத் தள்ளும் பம்பும் உண்டு. நமக்கு வேண்டியது இரண்டாவது.

பெரிதின் பயம் என்னவென்றால்: என் தங்கை வீட்டுக்கு "எதற்கும் இருக்கட்டும்" என்று ஒரு எச்.பி. கொடுத்தேன். ஒரு மாதத்தில் ஹால் சுவரில் ஓதம். 20 வருடத்துக்கு முன் சுவருக்குள் புதைத்த பைப், அரைக் கிலோவுக்கு மேல் அதுவரை பார்த்ததே இல்லை. ஒரு ஒட்டு விட்டுக்கொடுத்துவிட்டது. டைல்ஸை உடைத்துத்தான் கண்டுபிடித்தோம். மச்சான் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார். பழைய வீடு என்றால் 2 கிலோவுக்கு மேல் போகாதபடி ஸ்விட்சை இறக்கி வையுங்கள். கழிப்பறையில் கழுவும் கைக்குழாயான ஹெல்த் ஃபாசெட்டின் ஹோஸும் இதே போலத்தான், எப்போதும் பிரஷர் நிற்பதால் வெடிக்கும். வெளியூர் போகும்போது அதன் ஆங்கிள் காக்கை (சுவரில் இருக்கும் சின்ன வால்வை) மூடிவிட்டுப் போங்கள்.

எதை வாங்கினாலும் டேங்க் காலியானால் தானாக நிற்கும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். பம்பின் இடம் டேங்க் பக்கத்தில், அதன் அடி மட்டத்துக்குக் கீழே, வெயிலும் மழையும் படாமல். டேங்கிலிருந்து பம்புக்கு வரும் பைப் ஒரு இன்ச்சுக்குக் குறையக் கூடாது. எர்த் கம்பியும் மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இல்லாமல் ஈரமான மாடியில் மோட்டார் வைப்பதைப் பற்றி நான் பேசவே மாட்டேன்.

சிலர் ரகசியமாகக் கேட்பது: "நகராட்சிக் குழாயிலேயே பம்பை மாட்டினா என்ன?" கூடாது. பிடித்தால் இணைப்பைத் துண்டித்து மோட்டாரையும் எடுத்துப் போவார்கள். அது போகட்டும், உறிஞ்சும்போது தெருப் பைப்பின் விரிசல் வழியாகச் சாக்கடையையும் சேர்த்து உறிஞ்சுவீர்கள், உங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும்.

மாட்டியபின் வரும் தொந்தரவுகள்

"மோட்டார் போட்டதும் மாடியில் ஏர் பைப்பிலேருந்து தண்ணீர் கொட்டுது." பம்பைத் தாண்டிய பக்கத்தில் ஏர் பைப் இருக்கிறது. அதை வெட்டி எண்ட் கேப் போட வேண்டும். பம்புக்கு முன்னால், டேங்க் பக்கம் இருக்கும் ஏர் பைப்பைத் தொட வேண்டாம். ஆனால் ஷவர் துப்பித் துப்பி வந்தால் அந்த வழியாகக் காற்றை இழுக்கிறது என்று அர்த்தம், டேங்க் பக்கத்துப் பைப் அல்லது வால்வு சிறுத்திருக்கிறது.

"ராத்திரி யாரும் குழாயைத் திறக்காமலே மோட்டார் அதுவா ஓடி நிக்குது." எங்கோ சொட்டுகிறது. முதலில் ஃப்ளஷ் டேங்க், அப்புறம் ஹெல்த் ஃபாசெட். எல்லா ஆங்கிள் காக்கையும் மூடிவிட்டு ஒவ்வொன்றாகத் திறந்தால் ஆள் அகப்படுவார். எல்லாம் மூடியும் ஓடுகிறது என்றால் தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் என்.ஆர்.வி. வால்வு பிடிக்கவில்லை, தண்ணீர் டேங்குக்கே திரும்புகிறது.

"குழாயைத் திறந்தா மோட்டார் டக் டக்குன்னு வினாடிக்கு ஒரு தடவை போட்டு நிறுத்துது." பிரஷர் டேங்கில் காற்று போய்விட்டது. மோட்டாரை அணைத்து, குழாயைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு, டேங்கின் பின்னால் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றுங்கள். உள்ளே பைக் டியூப் வால்வு மாதிரியே ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் காற்று வருகிறதா, தண்ணீர் வருகிறதா? தண்ணீர் வந்தால் உள்ளே ரப்பர் பை கிழிந்துவிட்டது, மாற்ற வேண்டும். காற்று குறைவு என்றால் பைக்குக் காற்றடிக்கும் பம்பாலேயே ஏற்றலாம். மோட்டார் ஓடத் தொடங்கும் அழுத்தத்துக்கு இரண்டு பாயிண்ட் கீழே, அதாவது 1.4 கிலோ (20 பாயிண்ட்) செட்டிங்குக்கு 18 பாயிண்ட். தண்ணீரை வடிக்காமல் அளந்தால் அந்த எண் பொய் சொல்லும்.

"பம்ப் போட்டபின் சோலார் வெந்நீர் வருவதே இல்லை, சோலார் டேங்க் வழியுது." இது கண்ணாடிக் குழாய் சோலார் வைத்த வீடுகளில் வரும் தலைவலி. பச்சைத் தண்ணீர் லைனுக்கு மட்டும் பம்ப் வைத்தால், மிக்சரில் அது வெந்நீரைப் பின்னால் தள்ளி சோலாருக்குள்ளேயே ஏறிவிடும். சாதாரண சோலார் டேங்க் அழுத்தம் தாங்காது, அதனால் பம்பின் தண்ணீரை அதற்குள்ளும் விடக் கூடாது. சோலாரிலிருந்து வெளியே வரும் லைனில் வெந்நீர் தாங்கும் இன்லைன் பம்ப் ஒன்று தனியாக வேண்டும். பாத்ரூம் மின்சாரக் கீசருக்கு இந்தச் சிக்கல் குறைவு, அதன் தகட்டில் 6.5 அல்லது 8 பார் (ஒரு பார் ஏறக்குறைய ஒரு கிலோ) என்று போட்டிருக்கும். அதன் சேஃப்டி வால்வு மட்டும் உயிரோடு இருக்கட்டும்.

"உறுமுது, சுத்தலை." வருடத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடந்து, சிங்கப்பூரிலிருந்து பிள்ளைகள் வரும்போது மட்டும் திறக்கும் வீடுகள் நம் பக்கம் ஏராளம். உப்பும் துருவும் சேர்ந்து பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, பின்பக்க விசிறியை ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் போட்டால் ஓடும். தாராளமாகச் சுற்றியும் உறுமினால் கெப்பாசிட்டர் பழுது, அல்லது வோல்ட்டேஜ் இறக்கம். மீட்டரில் 180-க்குக் கீழே காட்டினால் அன்று வாளியில் குளித்துவிடுங்கள், மோட்டார் பிழைக்கும்.

"கரண்ட் போனா ஷவரில் பழைய ஒழுக்குகூட இல்லை." பம்பைச் சுற்றி பைபாஸ் லைன் போடாமல் விட்டிருக்கிறார்கள். பம்புக்கு முன் ஒரு டீ, பின் ஒரு டீ, நடுவில் ஒரு என்.ஆர்.வி. கரண்ட் இல்லாதபோது தண்ணீர் அதன் வழியாகத் தானே இறங்கும், பம்ப் ஓடும்போது வால்வு மூடிக்கொள்ளும். இங்கே ஸ்பிரிங் வைத்த என்.ஆர்.வி. வாங்காதீர்கள், நம்மிடம் இருப்பதே 200 கிராம், அதில் ஸ்பிரிங்கைத் தள்ளவே கொஞ்சம் போய்விடும். தகடு மாதிரி ஆடும் வகையைக் கேட்டு வாங்கி, படுக்கை வசத்தில், அம்புக்குறி ஷவர் பக்கம் பார்க்கும்படி மாட்டுங்கள்.